முனை புரட்டிப் பெரியப்பா

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். பெரியப்பா தரையைப் பார்ப்பார். விரித்திருக்கும் ஜமக்காளத்தின் முனையைப் புரட்டிய பிறகுதான் அவருக்கு முகூர்த்தம். கடலூர் மஞ்சக்குப்பம் முதல் சிதம்பரம் கீழவீதி வரை, இப்படி ஒருவர் இல்லாத விசேஷம் கிடையாது.

"பவானிக் கைத்தறியா, பவர்லூமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலையும் அவரே சொல்வார். "ஊடை நூல் மொத்தமா இருந்து பாவு நூலை மூடியிருக்கணும். பட்டை எங்கியாவது மயிரிழை கோணியிருந்தா அது மனுஷன் கை." அகலமான ஜமக்காளத்தைக் குழித்தறியில் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கி நெய்வார்கள் என்பார். ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985-ம் வருஷத்துச் சட்டத்துக்கு அவர் வந்து சேரும்போது கெட்டிமேளம் கொட்டிவிடும். அட்சதையை ஒரு கையால் போட்டுவிட்டுச் சட்டத்தைத் தொடர்வார்.

எச்சில் தொட்டுத் தேய்த்துச் சாயம் பார்ப்பார். ஓரத்தில் ஓர் இழை உருவித் தீக்குச்சியைக் காட்டுவார். காகித வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டால் சிந்தெடிக். ஹோமப் புகையில் இந்தப் புகை யார் கண்ணிலும் படாது. வயசு கணிக்க அவரிடம் இரண்டே யுகங்கள்: தானே புயலுக்கு முந்தியது, பிந்தியது. 2011 டிசம்பர் 30-ல் வந்த அந்தப் புயலில் நனைந்தும் சாயம் விடாத ஜமக்காளம் என்றால் செருப்பில்லாத காலால்கூட மிதிக்க விடமாட்டார். மாப்பிள்ளை வீட்டார் நின்றுகொண்டிருப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த தங்கை மகன் கைபேசியில் மொராக்கோக் கம்பளம் ஒன்றைக் காட்டினான். அட்லஸ் மலையில் பெனி ஊராயின் குலத்துப் பெர்பர் பெண்கள், பால் நிறக் கம்பளியில் கறுப்புச் சாய்சதுரங்கள் விழ முடிச்சு முடிச்சாகக் கட்டியது.

"பின்பக்கத்தைக் காட்டு."

"படம் மாமா இது, புரட்ட முடியாது."

"முதுகைப் பாக்காம முடிச்சை எப்படிடா நம்புவே?"

உலகத்துக் கம்பள வியாபாரிகளும் புரட்டிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். அந்த வகையில் பெரியப்பா சர்வதேசப் புள்ளி.

நெசவாளி பிழைக்கணும் என்று மண்டபம் அதிரப் பேசுகிறவரை ஒரு தரம் கைத்தறிக் கடைக்கே அழைத்துப் போனார்கள். அசல் பவானியைப் புரட்டினார், தடவினார், கண் கலங்கினார். தள்ளுபடி போக எவ்வளவு என்று விசாரித்தார். பிறகு மடித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"பிரமாதம் தம்பி. ஆனா புதுசா இருக்கே! பழசாகட்டும், வந்து வாங்கிக்கறேன்."