அவசரக்காரனுக்கு ஆயிரம் ஆர்பிஎம்

வா கண்ணு, வா. தெருமுனையில திரும்பறப்பவே உன்ற லேத்துச் சத்தம் கேட்டுப்போச்சு. கணபதியில இத்தனை பட்டறை இருந்தும் இப்பிடி ஒரு கூச்சல் எந்தப் பட்டறையிலும் வராது. இவ்வளவு சத்தம் போட்டு இவ்வளவு கொஞ்சமா இரும்பை எடுக்கறதுக்கும் ஒரு தெறமை வேணும். உங்கப்பனுக்கு இது வல்லே.

மேசை மேல வெக்கிற குட்டி லேத்து. முன்னால ஒரு வேகத் திருகு, 2500 சுத்து வரைக்கும் போகுது. போகுதேன்னு நீயும் முறுக்கறே. கம்பெனிக்காரன் அந்த நம்பர் போட்டது எல்லாத்துக்கும் முறுக்கறதுக்கில்லை, அலுமினியம், பித்தளை, பென்சில் தடி இரும்பு எல்லாம் ஓட்டறதுக்கு.

கட்டிங் ஸ்பீடுன்னா சக்கு சுத்தற சுத்து இல்ல கண்ணு. ஒரு நிமிசத்துல டூல் மூக்குக்கு முன்னால எத்தனை மீட்டர் இரும்பு ஓடுதுங்கிறதுதான். மைல்டு ஸ்டீலு, ஹெச்எஸ்எஸ்ங்கிற ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலுன்னா 30 மீட்டர் தாராளம். கணக்குன்னா உனக்கு வேப்பெண்ணெய்னு தெரியும், அதனால சுருக்கமாச் சொல்றேன்: 9500-ஐ ஜாப்போட விட்டத்தால வகுத்துக்கோ, மில்லிமீட்டர்ல. 25 மி.மீ. தண்டுக்கு 380 சுத்து. 50-க்கு 190. 10-க்கு 950. ஈஎன்8 மாதிரி கெட்டி இரும்பு வந்தா மூணுல ரெண்டு பங்கு வெச்சுக்கோ, எஸ்எஸ் 304, அதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு, வந்தாப் பாதி. நீயோ எல்லா விட்டத்துக்கும் ஒரே நம்பர் வெக்கறே. சமத்துவம் நல்லதுதான், மேடையில பேசு, சக்குல வேண்டாம்.

வேகம் கூடி டூலு கொஞ்சம் சூடானா என்னங்கிறயா? அமெரிக்காவுல டெய்லர்னு ஒரு மனுசன், உன்ன மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டுப்போட்டு 26 வருசம் இரும்பைச் சீவிக்கிட்டே இருந்தான். 8 லட்சம் பவுண்டுக்கு மேல சுருளாக்கி, 1906-ல எழுதி வெச்சான். அவன் சூத்திரத்தை ஹெச்எஸ்எஸ் டூலுக்கு வெச்சுப் பார்த்தா, வேகத்தைப் பத்துல ஒரு பங்கு கூட்டினாலே டூலு ஆயுசு கிட்டத்தட்டப் பாதியாப் போகும். நீ பத்துல ஒரு பங்கா கூட்டறே? மடங்கு கணக்குல கூட்டறே. சாணைக்கல் விக்கிறவன் உன்ற பேரைச் சொல்லி வெளக்கு வெக்கோணும்.

செரி, வேகத்தை உடு. உனக்கு நெசமான வியாதி ஃபீடுதான், ஒரு சுத்துக்கு டூலு எவ்வளவு நகருதுங்கிறது. வேகத்துல புலி, ஃபீடுல எலி. சுத்துக்கு 0.03 மி.மீ. போதும்னு தடவிக்கிட்டே போறே. இப்ப ஒரு கணக்குப் பாரு. நேத்து நீ 25 மி.மீ. தண்டை 1000 சுத்துல, 0.03 ஃபீடுல ஓட்டினே. நிமிசத்துக்கு 30 மி.மீ. நகரும். 100 மி.மீ. நீளத்துக்கு மூணு நிமிசம் இருவது விநாடி. நான் கெழவன், 380-ல வெச்சு 0.1 ஃபீடு குடுத்தா நிமிசத்துக்கு 38 மி.மீ. ரெண்டே முக்கால் நிமிசத்துக்குள்ள அந்தப் பக்கம் போய் நிப்பேன். என்ற டூலு அடுத்த தண்டுக்கும் தயாரா இருக்கும். உன்றது நீலம் பாரிச்சுச் சாணைக்குப் போகும். இப்பச் சொல்லு, யாரு வேகம்?

கூச்சலுக்கும் இதேதான் காரணம். சக்கை நிறுத்திப்போட்டு ஜாப்பு மேல நகத்தை ஓட்டிப் பாரு. கரகரன்னு வரி வரியா இருக்குதா? டூலு வெட்டலே, தேய்ச்சுத் தேய்ச்சுத் துள்ளியிருக்குது. நீ என்ன பண்றே? பயந்து ஃபீடை இன்னும் கொறைக்கறே. அது இன்னும் கத்துது. வேகத்தை எறக்கு, ஃபீடை ஏத்து. அப்பவும் அடங்கலேன்னா வெட்டு ஆழத்தைக் கொறை. இந்தக் குட்டி மெசினுக்கு ஒரு கட்டுக்கு அரை மி.மீ. ஆழம் போதும், விட்டத்துல ஒரு மி.மீ. கொறையும். டூலு ரெண்டு வெரக்கடை வெளிய நீட்டிக்கிட்டு இருக்குது பாரு, அதையும் உள்ள தள்ளு. தண்டு விட்டத்தைப் போல மூணு மடங்குக்கு மேல சக்குக்கு வெளிய நீண்டா டெயில்ஸ்டாக் சென்டர் குடு. எஸ்எஸ்ல தேய்ச்சே, அது மேல்தோல் இறுகிப்போய் அடுத்த கட்டையே எடுக்க உடாது.

மினுமினுப்பு வேணும்னுதானே ஃபீடைக் கொறைச்சேன்னு நீ மூஞ்சியத் தூக்கறது தெரியுது. அதுலயும் ஞாயம் இருக்குது, இல்லேங்கலே. ஃபீடு ரெண்டு மடங்கானா வரி நாலு மடங்கு ஒசரமாகும். அதுக்குக் கடைசி ஒரு கட்டு இருக்குது. கால் மி.மீ. விட்டு வெய்யி, டூலு மூக்கை எண்ணெய்க்கல்லுல லேசா உருட்டு, ரெண்டு சொட்டு கட்டிங் ஆயில் உடு, 0.05 ஃபீடுல ஒரே ஓட்டம். மொத்த வேலையையும் ஃபினிஷிங்காப் பண்றவன் எந்த ஜாப்பையும் முடிக்கிறதில்லை.

கார்பைடு டிப் வாங்கிட்டேன்னு நேத்து ஊரெல்லாம் சொன்னயாமே. அதுக்கு வேகம் வேணும், 100 மீட்டருக்கு மேல, அந்த 25 மி.மீ. தண்டுக்கே 1300 சுத்து. ஆழமும் வேணும். உன்ற மோட்டாரு அந்த வேகத்துல அந்த ஆழத்தைத் தாங்காது, அரை மனசா ஓட்டினா டிப்பு நுனி பொரிஞ்சு போகும். இந்த மெசினுக்குக் கூரா சாணை புடிச்ச ஹெச்எஸ்எஸ் தான் ஒறம்பரை மாதிரி ஒட்டும்.

கடைசியாச் சுருளைப் பாரு. ஹெச்எஸ்எஸ்ல வெள்ளி நெறம், மிஞ்சினா வைக்கோல் நெறம். நீலம் வந்தா திருகை எறக்கு. நீளமா நூல் மாதிரி ஓடி சக்கைச் சுத்தினா ஃபீடு பத்தலே, கொஞ்சம் கூட்டு, துண்டு துண்டா உழும். அதைக் கையில இழுத்து வீரம் காட்டாதே, கொக்கி இருக்குது.

ஆங், 380-ல வெச்சாச்சா? அப்ப சக்குல மறந்து உட்ட அந்தச் சாவியைக் கழட்டிப்போட்டு சுவிட்சைப் போடு.