மாப்ளைக்கு ஒரே ஒரு துப்பாக்கி

மாப்ள, நீ வாட்ஸப்புல அனுப்புன ரெண்டு போட்டோவையும் கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாத்தேன். ரெண்டும் கறுப்பு. ரெண்டும் பிளாஸ்டிக்கு. உங்க அத்தை எட்டிப் பாத்துட்டு, "இதென்னங்க, போர்வெல் மோட்டாரு ஸ்டார்ட்டரா?"ன்னு கேட்டா. இல்லடி, உன் நாத்தனா மவன் துப்பாக்கி வாங்கப் போறான்னேன். "அவனுக்கு எதுக்குங்க? கோழி அறுக்குறப்பவே கொல்லப்பக்கம் ஓடுவானே"ன்னா. நான் ஒண்ணும் சொல்லல மாப்ள. அவ சொன்னத அப்புடியே ஒப்பிக்கிறேன், அவ்வளவுதான்.

க்ளாக் 19-ஆ, சிக் பி320-ஆ, ஒண்ணே ஒண்ணுதான் வாங்கப் போறேன், எது மாமான்னு கேட்டிருக்க. ஒண்ணே ஒண்ணுங்கிறத நம்புறேன்னே வெச்சுக்குவோம். ஒண்ணே ஒண்ணு வாட்சுன்னு ஆரம்பிச்சு அலமாரி ரொம்புன கதைய உங்கம்மா போன பொங்கலுக்கு வந்தப்பச் சொன்னா.

ஆளு தேடித்தான் புடிச்சிருக்க. நான் மெட்ராஸ் ரெஜிமெண்டுல சுட்டத விட எண்ணுனதுதான் அதிகம். கோத்துல இருந்தேன். கோத்துன்னா ஆயுதம் வெக்கிற ரூமு. காலையில நம்பரப் படிச்சு, கையெழுத்து வாங்கிக் கொடுக்கணும். சாயங்காலம் அதே நம்பரு அதே ரேக்குக்குத் திரும்பணும். ஒண்ணு கொறஞ்சா அன்னிக்கு எவனும் தூங்க முடியாது. அங்க இருந்த பிஸ்டலு இசாப்பூர்ல செஞ்ச 9 எம்.எம். 1ஏ. பிரவுனிங் ஹைபவர்ங்கிற பழைய துப்பாக்கியப் பாத்துச் செஞ்சது. முழுசும் இரும்பு, 13 தோட்டா. இடுப்புல மாட்டுனா பேண்டு ஒரு பக்கமா எறங்கும். ஆபீசருங்க பேண்ட இழுத்து விட்டுக்கிட்டேதான் வீரமாப் பேசுவாங்க. அந்தத் தொல்லையத் தீக்கத்தான் நீ அனுப்புன பிளாஸ்டிக்கு வந்துச்சு.

ஒரு சங்கதி கேக்க மறந்துட்டேன். அமெரிக்காவுல எச்-1பி வேலை விசாவுல இருந்த வரைக்கும் உனக்கு ஏன் இந்த ஆசை வரல? வந்தாலும் கடைக்காரன் தந்திருக்க மாட்டான். அந்த மாதிரி விசாக்காரனுக்குப் பொதுவா துப்பாக்கி விக்கக்கூடாதுன்னு அங்க மத்தியச் சட்டமே இருக்கு. வேட்டை லைசென்சு எடுத்தவனுக்குத்தான் விலக்கு. இப்பக் கிரீன் கார்டு வந்துடுச்சு, வீரமும் கூடவே வந்துடுச்சு. நீ இருக்கிற டெக்சாசுல 2021 செப்டம்பர்லேருந்து 21 வயசு ஆனவன், சட்டம் தடுக்காத ஆளா இருந்தா, லைசென்சு இல்லாமயே இடுப்புல வெச்சுக்கிட்டுப் போகலாமாம். இங்க ஹெல்மெட்டு இல்லாமப் போனா ஆர்.எஸ். மாத்தூர் தாண்டுறதுக்குள்ள மடக்கிடுறாங்க.

சரி, சரக்குக்கு வருவோம். காஸ்டன் க்ளாக்குங்கிற ஆஸ்திரியாக்காரரு திரைச்சீலை மாட்டுற கம்பியும் பட்டாளத்துக்குக் கத்தியும் செஞ்சுக்கிட்டு இருந்தவரு. துப்பாக்கித் தொழில் பரம்பரையில வந்தவரில்ல. அவரு செஞ்சத 1982ல ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கிச்சு. அது அவரோட 17வது காப்புரிமை, அதனால க்ளாக் 17. அதையே கொஞ்சம் நறுக்கி 1988ல விட்டதுதான் நீ கேக்குற 19. பிளாஸ்டிக்கு உடம்ப மொதல்ல கண்டுபுடிச்சது அவருன்னு எவனாவது அளந்தா நம்பாத. ஜெர்மனியில ஹெக்லர் அண்ட் கோக் 1970லயே விபி70ன்னு ஒண்ணச் செஞ்சுட்டான். பேரு எடுத்தவரு இவரு. 2023 டிசம்பர்ல 94 வயசுல போய்ச் சேந்தாரு. பிளாஸ்டிக்குன்னா ஏர்போர்ட்டு மிஷின்ல தெரியாதுன்னு உன் சினேகிதன் சொன்னானே, அவனக் கொஞ்சம் தள்ளியே வெய்யி. மேல ஓடுற ஸ்லைடும் குழலும் இரும்பு. நல்லாவே தெரியும்.

சிக் பி320 சின்னப் புள்ள, 2014ல பொறந்தது. 2017 ஜனவரியில க்ளாக்கையும் மத்ததையும் தள்ளிட்டு அமெரிக்க ராணுவத்துக்குள்ள எம்17, எம்18ன்னு பேரு மாத்திக்கிட்டுப் பூந்துடுச்சு. அதே வருஷம் ஆகஸ்டுல, ஒரு மாதிரி கோணத்துல கீழ விழுந்தா தானா வெடிக்குதுன்னு வெளியாளுங்க சோதிச்சுக் காட்ட, கம்பெனி ட்ரிகர இனாமா மாத்தித் தர்றோம்னுச்சு. அதுக்கப்புறமும், விரலே வெக்காம வெடிச்சதுன்னு கோர்ட்டுல வழக்கு மேல வழக்கு. கம்பெனி இல்லவே இல்லங்குது. எது நெசம்னு நம்மூரு செந்துறைப் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனா இடுப்புல வெக்கிற சாமானுக்கு மேல வழக்கு நடக்குதுன்னா, வயித்துக்குக் கீழ உள்ளதெல்லாம் ஒரு தடவை யோசிச்சுப் பாக்கும்.

சிக்குல ஒரு நல்ல சாமர்த்தியம் இருக்கு, சொல்லிடுறேன். நம்பர் அடிச்சிருக்கிறது உள்ள இருக்கிற இரும்புக் கூட்டுலதான். சட்டப்படி அதுதான் துப்பாக்கி. கைப்பிடி பெருசா இருந்தா வேற பிளாஸ்டிக்குப் பிடிய வாங்கி மாட்டிக்கலாம். க்ளாக்குல பிடிக்குப் பின்னால ஒரு பட்டைய மாத்தலாம், அவ்வளவுதான்.

துடைக்கக் கழட்டுறதுலதான் ரெண்டுக்கும் நெசமான வித்தியாசம். கோத்துல இருந்தவன் இதத்தான் பாப்பான். சிக்குக்கு ஸ்லைட இழுத்துப் பூட்டி ஒரு நெம்புகோலத் திருப்புனாப் போதும், வந்துடும். க்ளாக்குக்குக் கழட்டுறதுக்கு முந்தி ட்ரிகர ஒரு தடவை அமுக்கணும். மேகசீன உருவிட்டோம், காலியாத்தான் இருக்கும்னு நெனச்சு அமுக்குவான். குழலுக்குள்ள ஒண்ணு ஒக்காந்திருக்கும். அமெரிக்காவுல எத்தனையோ டி.வி. அப்புடித்தான் செத்திருக்கு, சில உள்ளங்கையும். மேகசீன உருவு, ஸ்லைட இழு, குழலுக்குள்ள கண்ணால பாரு, சுண்டு விரல விட்டும் தடவு. அப்புறம் திரும்பவும் பாரு. இதுல சோம்பேறித்தனம் வருமுன்னா இப்பவே சொல்லிடு, உனக்குச் சிக்கு. வேண்டாம், உனக்கு ஒண்ணுமே வேண்டாம்.

க்ளாக்குல தனியா சேஃப்டி கட்டை கெடையாது. ட்ரிகர் நடுவுல ஒரு சின்ன நாக்கு இருக்கும். விரலு அதையும் சேத்து அமுக்குனாத்தான் வெடிக்கும். அதனால உறையில போடுறப்ப சட்டை நுனி உள்ள மாட்டாமப் பாக்கணும். நீயோ பேண்டுக்குள்ள சட்டையச் சொருகாம, பாதி உள்ள பாதி வெளியன்னு திரியுறவன்.

இதெல்லாம் டல்லாசு கணக்கு. இதே ஆசையோட நீ செந்துறையில இருந்திருந்தா கதையே வேற மாப்ள. ரெண்டுமே 9 எம்.எம். நம்ம நாட்டுல அது தடை செஞ்ச போர், அதாவது குழல் அளவு. சாதாரண ஆளுக்குக் கலெக்டரால கொடுக்க முடியாது, டெல்லி உள்துறை வரைக்கும் போகணும். வெளிநாட்டுத் துப்பாக்கிய இறக்குமதி பண்ணிக் கடையில விக்கிறதும் நின்னு பல வருஷமாச்சு. உனக்குக் கெடைக்கிறது பாயிண்ட் 32. கான்பூர்ல 2014ல 'நிர்பீக்'னு ஒரு ரிவால்வர விட்டாங்க. அரைக் கிலோ, ஆறு தோட்டா, வெல அப்பவே 1 லட்சத்து 22 ஆயிரத்துச் சொச்சம். உன் க்ளாக்கு அங்க ஐநூறு அறுநூறு டாலரு. கணக்குப் போட்டுக்க. நம்ம திருச்சி துப்பாக்கி பேக்டரி 1966லேருந்து இருக்கு. அதுவும் 12 போர்ல பம்ப் ஆக்ஷன் போட்டுச்சு. பக்கத்துலதான்னு ஒரு மஞ்சப் பையோட போயி வாங்கிட்டு வர முடியாது.

விண்ணப்பம் கலெக்டருக்கு. அப்புறம் போலீசு விசாரிக்கும், தாசில்தாரு விசாரிப்பாரு. உனக்கு என்ன ஆபத்துன்னு கேப்பாங்க. "யூட்யூப் பாத்தேன் சார்"னு சொல்ல முடியாது. 2019ல சட்டத்தத் திருத்துனதுக்கு அப்புறம் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான், முன்ன மூணு. லைசென்சு 5 வருஷத்துக்கு.

கெடைச்ச பிறகாவது நிம்மதியா? பட்டாளத்த விட்டு வந்து பேங்கு வாசல்ல காவலுக்கு நின்னப்ப நான் வெச்சிருந்தது 12 போர் இரட்டைக் குழல். நடுவுல ஒடிச்சு, பித்தளை அடி வெச்ச ரெண்டு தோட்டாவப் போட்டு மூடணும். வெயில்ல வேர்த்த கையோட புடிச்சா ராத்திரிக்குள்ள குழல்ல செம்பட்டையாப் பூத்துடும். தேங்காண்ணெயத் தடவாத, பிசுக்குப் புடிச்சுக்கும், மெஷின் ஆயில்தான். வர்ற சனம் என்னக் காவக்காரன்னா பாத்துச்சு? ஒருத்தி கைப்புள்ளய மடியில போட்டுட்டு, "தாத்தாகிட்ட இரு, பணம் எடுத்துட்டு வந்துடுறேன்"னு உள்ள போயிடுவா. ஒரு கையில புள்ள, ஒரு கையில துப்பாக்கி. எந்தக் கொள்ளக்காரனும் வரல. வந்திருந்தா எதக் கீழ வெக்கிறதுன்னு யோசிக்கவே நேரம் போயிருக்கும்.

பேங்க விட்டு வந்ததும் ஒரு தேர்தல் வந்துச்சு. தேர்தல்னா லைசென்சு துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனுக்குப் போகணும். எலெக்சன் கமிஷன் தேதி சொன்ன மறுநாளே ஏட்டு வீட்டு வாசல்ல நிப்பாரு. ரசீது எழுதி, சணல் கயித்துல ஒரு அட்டையக் கட்டி மூலையில சாத்துவாங்க. ஓட்டு எண்ணி, மந்திரி பதவி ஏத்து, நான் போயி வாங்குனப்ப அட்டை இருந்துச்சு, துருவும் இருந்துச்சு. உள்ளாட்சி, சட்டமன்றம், நாடாளுமன்றம்னு வரிசையா வந்தா, துப்பாக்கி உன் வீட்டுல இருக்கிறத விட ஸ்டேஷன்லதான் அதிகம் குடியிருக்கும்.

சரி, பயிருக்காவது ஆகுமான்னா, கேளு. நம்ம பக்கம் கடலையும் மக்காச்சோளமும் போட்டவனுக்கு ராத்திரி காட்டுப்பன்னி, காலையில மயிலு. மயிலு தேசியப் பறவை, வன உயிரினச் சட்டத்துல மொத அட்டவணை. கல்லெடுத்து எறியவே பயமா இருக்கு, சுடுறதாவது. பன்னியயும் வனத்துறை அனுமதியில்லாமச் சுட்டா, பன்னிக்குப் பதிலா நீ கம்பிக்குள்ள. அதனால மயிலு வரப்புல நடை பழகுது, நான் தகர டப்பாவத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். லைசென்சு பீரோவுல பத்திரமா இருக்கு.

இப்ப உன் வீட்டுக்கு வர்றேன். திருடன் வந்தான்னா அப்புடி இப்புடின்னு எழுதியிருந்த. வரட்டும். வராத மத்த நாளெல்லாம் அது எங்க இருக்கும்? அதப் பத்தி ஒரு வரி இல்ல. என் பேரன், உன் மவனுக்கு இப்ப அஞ்சு வயசு. போன தடவ வந்தப்ப என் பீரோ சாவிய ரெண்டாவது நாளே கண்டுபுடிச்சவன். 17 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைக்குக் கைக்கு எட்டுற மாதிரி துப்பாக்கிய வெச்சா, உங்க டெக்சாசுலயே அது குத்தம். இடுப்புல வெச்சுக்கிட்டுப் போக லைசென்சு வேண்டாம்னு விட்ட அதே ஊருதான். கோத்துல நான் படிச்சதும் அதுதான்: சாமான் பூட்டுக்குள்ள, தோட்டா வேற பூட்டுக்குள்ள, சாவி ஒருத்தன் கையில. சுவத்துல போல்ட்டு போட்டு இறுக்குன பெட்டியா இருக்கணும். தலைமாட்டு மேசை இழுப்பறைய பெட்டின்னு சொல்லாத.

இன்னொண்ணு. உன் பொண்டாட்டி கிட்டச் சொல்லிட்டியா? "சர்ப்ரைசா இருக்கட்டும் மாமா"ன்னு கடைசியில ஒரு வரி போட்டிருந்தியே, அதப் பாத்துத்தான் எனக்கு நெஞ்சு அடச்சுது. அவளயும் கூட்டிக்கிட்டு, வாடகைக்குத் துப்பாக்கி கொடுத்துச் சுடவிடுற ரேஞ்சுக்குப் போ. ரெண்டையும் வாங்கிச் சுட்டுப் பாருங்க. உன் கையி எதுக்குப் பொருந்துது, அவ எத நம்பிக் கையில எடுப்பான்னு பாரு. அவ குறி உன்ன விட நல்லா இருக்கும்னு பந்தயம் வெக்கிறேன். உங்க அத்தை மாங்கா அடிக்கிறதப் பாத்தவன் நான்.

மாமன் வாயில வந்தத எழுதிக்க: பி320 மேல உள்ள வழக்கெல்லாம் தீர்ற வரைக்கும் அது வேண்டாம், க்ளாக் 19 வாங்கு. துப்பாக்கி வாங்குற நாளுக்கு முந்தின நாளே பூட்டுப் பெட்டிய வாங்கிச் சுவத்துல அடி. ரெண்டு பில்லையும் போட்டோ எடுத்து அனுப்பு. பெட்டி பில்லோட தேதியத்தான் நான் மொதல்ல பாப்பேன்.