வேலியோரப் பயிற்சியாளர்கள்

மே மாதம் பிறந்தால் எங்கள் பேட்டை மைதானத்தில் கோடைக்காலக் கிரிக்கெட் முகாம். உள்ளே முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கோச். வேலிக்கு வெளியே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோச், சில பிள்ளைகளுக்குத் தாய்மாமன் உட்பட இரண்டு. "முழங்கையைத் தூக்குடா!" என்று அலறுகிறவர் வாழ்நாளில் பிடித்த ஒரே மட்டை தென்னை மட்டை. என் மகன் பையைத் தூக்கி வருகிறானா, பை என் மகனை இழுத்து வருகிறதா என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அவனுக்கும் வேலியோரத்தில் நான் இருக்கிறேன்.

அவனுடைய திறமையை முதலில் கண்டுபிடித்தது என் அம்மா. "இவன் ஓட்டக்காரன்டா. ஞாயித்துக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன், திரும்பிப் பாக்குறதுக்குள்ள மொட்டை மாடியில நிக்கிறான்!"

சிரிக்க வேண்டாம். திறமை வெளிப்பட்ட கதைகள் பலவும் இந்த லட்சணத்தில்தான் இருக்கின்றன. வைஷாலி ஓயாமல் டிவி பார்க்கிறாள் என்று செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் காய் நகர்த்தினான். இன்று இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள். இதைப் படித்துவிட்டு நானும் டிவியை அணைத்தேன். பையன் என் போனை எடுத்துக்கொண்டான்.

வருண் சக்கரவர்த்தி பள்ளியில் விக்கெட் கீப்பர். பிறகு ஆட்டத்தையே விட்டுவிட்டு ஆர்க்கிடெக்ட் ஆனார். திரும்பி வந்து வேகப்பந்து போட்டார், முழங்காலில் அடிபட்டதும் சுழலுக்கு மாறினார். 2025 சாம்பியன்ஸ் டிராபியை வென்ற இந்திய அணியில் இருந்தார். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானபோது அவருக்கு வயது இருபத்தொன்பதைத் தாண்டியிருந்தது.

நம் வீட்டிலோ பதினோரு வயதில் "இவனைத் தோனி ஆக்கிடுங்க சார்" என்பதும், பதினைந்து வயதில் "ஆட்டமெல்லாம் பப்ளிக் எக்ஸாம் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்பதும் அதே வாய்தான். பள்ளியிலும் பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். பி.டி. வாத்தியார் ஒருநாளாவது கணக்குப் பீரியடைக் கேட்டு வாங்கியதாகத் தகவல் இல்லை. அப்புறம், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு என்று பேப்பரில் வந்தால் அதே அப்பா, "தம்பி, நீ முன்னாடி என்னமோ ஆடுவியே?" என்று கேட்பார்.

அதனால் சக வேலியோரப் பயிற்சியாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். எந்தப் பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்பதை உள்ளே நிற்கிற கோச் பார்த்துக்கொள்வார். பத்தாம் வகுப்பு வந்தாலும் பிள்ளையைத் தினமும் ஒரு மணி நேரம் ஆட விடுங்கள். நம் பங்குக்கு அதுபோதும். மார்க் குறைந்தால் பழியை மைதானத்தின் மேல் போடாதீர்கள், போன் இருக்கிறது.