கடைசி ஸஃப் வரை

கண்டிப் பக்கம் மடவளை பஸாரில் எங்கள் வீட்டின் முன் அறைதான் வாப்பாவின் கடை. நான்கு குழாய் ஸ்பீக்கர்கள், ஒரு வால்வு அம்ப்ளிஃபயர், இரண்டு மைக், சுருள் சுருளாக வயர், கரண்ட் போனால் சமாளிக்க ஒரு லொறி பெட்டரி. அவ்வளவுதான் முதல். கல்யாண வீடு, பயான் எனும் மார்க்கப் பேச்சு, பாடசாலைப் பரிசளிப்பு, தேர்தல் கூட்டம் என்று வத்தேகமயிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை அந்தக் குழாய்கள் போய்வரும். எண்பதுகளில் அந்த அறையில் எப்போதும் ஈயம் உருகும் வாசம் இருக்கும்.

இன்று நான் செய்யும் தொழிலுக்கு ஒலி, ஒளி அமைப்பு வடிவமைப்பு என்று பெயர். ஊடக நிறுவனங்கள் தலைமையகம் கட்டும்போது எந்த அறையில் எந்த மைக், எந்தத் திரை, எத்தனை ஸ்பீக்கர், வயர் எந்த வழியாக ஓட வேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. வாப்பா ஒரு நாளும் வரைபடம் போட்டதில்லை. ஆனாலும் நான் வரைகிற ஒவ்வொரு கோட்டிலும் அவரிடம் கற்ற ஒரு விஷயம் இருக்கிறது.

எங்கே குழாய் கட்டினாலும் வாப்பா ஒரு சோதனை வைப்பார். மூத்தவரான நானாவிடம் மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய்க் கடைசி ஸஃப்பில், அதாவது கடைசி வரிசையில், உட்காருவார். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்டு, ரெண்டு" என்று சொல்ல விடமாட்டார். "ஒண்டுக்குப் பொறகு ரெண்டுதானே வரும். அது காதுக்குக் கேக்காட்டியும் மனசுக்கு வெளங்கும். பேப்பர எடுத்து மவுத் அறிவித்தல வாசி" என்பார். நானா அன்றைய தினகரனை விரித்து, முன்பின் கேட்டிராத பெயர்களையும் ஊர்களையும் வாசிப்பார். வாப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு பெயர் தப்பினாலும் எழுந்து வந்து குழாயின் முகத்தைத் திருப்புவார். "சத்தம் ஈக்கி. பேச்சு இல்ல."

அதன் அருமை எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். ஒருவர் மவுத்தானால் பள்ளிவாசல் ஸ்பீக்கரில்தான் ஊருக்கு அறிவிப்பார்கள். யார், யாருடைய மகன், எந்த வீடு, எத்தனை மணிக்கு நல்லடக்கம். சமையலறையில் நிற்கும் உம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்து நின்று கேட்பார். பெயர் தெளிவாக விழவில்லையென்றால் ஒரு ஜனாஸாவைத் தவறவிட நேரும். சத்தம் எவ்வளவு பெரிது என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை.

நான் முதன்முதலில் ஒரு ஸ்டூடியோவுக்குள் கால் வைத்தது பாடசாலைச் சுற்றுலாவில். கொழும்பில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தைக் காட்டக் கூட்டிப் போனார்கள். நோன்பு திறக்கும் வேளையில் முஸ்லிம் சேவையின் பாங்குக்காக எங்கள் வீட்டு மேசையில் பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்திலேயே ரேடியோ இருக்கும். அந்தக் குரல் புறப்படும் இடத்துக்கு வந்துவிட்டேன் என்ற பரவசம் எனக்கு. கனத்த கதவு மூடியதும் வெளியுலகம் அறுந்துபோனது. என் மூச்சு எனக்கே கேட்டது. காலியான ஒரு அறையும் ஒரு கருவிதான் என்று அன்று எனக்குப் பட்டது.

அந்த நிறுவனத்தின் கதை தொடங்கியதும் ஒரு சின்ன அறையில்தான். எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்திப் பொறியியலாளர் 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களை வைத்து ஒலிபரப்பிப் பார்த்தார். 1925 டிசம்பர் 16இல் முறையான ஒலிபரப்பு ஆரம்பமானது. எங்கள் கண்டிக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1944இல் மவுண்ட்பேட்டன் சியாக் எனப்பட்ட தென்கிழக்காசியக் கட்டளையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் படைகளுக்காகக் கொழும்பில் எழுந்த ரேடியோ சியாக் யுத்தம் முடிந்தபின் அரசின் கைக்கு வந்தது. இலங்கை வானொலியின் குரல் கடல் கடந்து கேட்டதற்கு அந்த ஒலிபரப்பிகளும் ஒரு காரணம்.

அந்தக் காலத்து ஒலிபரப்பு நிலையங்கள் ஸ்டூடியோவை ஒளித்து வைத்தன. லண்டனில் பிபிசி 1932இல் திறந்த பிராட்காஸ்டிங் ஹவுஸ் இதற்கு நல்ல சாட்சி. ஸ்டூடியோக்கள் எல்லாம் நடுவில் ஒரு செங்கற் கோபுரமாக நின்றன. அலுவலக அறைகள் அதைச் சுற்றி மதில் போல் எழுந்து தெருச் சத்தத்தைத் தாங்கின. அவ்வளவு செய்தும் அடியில் ஓடிய சுரங்க ரயிலின் அதிர்வு மேலே எட்டியது. அதே கட்டடத்தின் புதிய பகுதி 2013இல் திறக்கப்பட்டபோது காட்சி தலைகீழாகியிருந்தது. செய்தி அறை நடுவிலே விரிந்து கிடந்தது, வந்தவர்கள் மேலிருந்து அதைப் பார்க்க முடிந்தது.

இன்று கொழும்பில் தலைமையகம் கட்டுகிறவர்கள் கேட்பதும் அதையேதான். வாசலில் நுழைந்ததும் பெரிய எல்.ஈ.டி. சுவர், கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டூடியோ, வீதியைப் பார்த்தபடி ஒரு பொட்காஸ்ட் அறை. மக்கள் தங்கள் செய்தி எப்படி உருவாகிறது என்று பார்க்கட்டும் என்ற எண்ணம் எனக்குப் பிடிக்கும். ஆனால் கண்ணாடி ஒலிக்கு இரக்கம் காட்டாது. எதிரெதிரே இரண்டு கண்ணாடிச் சுவர்கள் நின்றால் பேச்சு அவற்றுக்கிடையே சிறகடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு கண்ணாடியைச் சில பாகை சரிக்கிறோம். வெவ்வேறு தடிப்பில் இரண்டு கண்ணாடிகளை அகன்ற இடைவெளி விட்டு நிறுத்துகிறோம். தரையைக் கட்டடத்தின் தரையோடு ஒட்டாமல் ரப்பர்த் தாங்கிகள் மேல் மிதக்க விடுகிறோம். குளிர்காற்று இரையாமல் மெல்ல வரும்படி ஏசிக் குழாயை அகலமாக்கச் சொல்கிறோம். கட்டடக் கலைஞரோடு நான் அதிகம் வாதாடுவது இந்தக் குழாயின் அகலத்துக்காகத்தான். மைக் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் அறையின் இரைச்சலையும் சேர்த்தே கேட்கும்.

நேரக் கணக்கையும் நான் மடவளையில்தான் படித்தேன். பயான் இரவுகளில் வாப்பா பாதையோரமாகப் பலாமரத்தில் ஒரு குழாய், தள்ளிப்போய்க் கடைக் கூரையில் இன்னொரு குழாய் என்று கட்டுவார். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 68 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சத்தம் வந்துசேர விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு எடுக்கும். ஆகவே பக்கத்துக் குழாய் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும்போது தூரத்துக் குழாய் அதையே மறுபடி சொல்லும். அதோடு எதிர்க் குன்றும் தன் பங்குக்குத் திருப்பிச் சொல்லும். வாப்பா கணக்குப் போடவில்லை. குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே திசைக்குத் திருப்பி, முகத்தைக் கொஞ்சம் நிலத்தைப் பார்க்கக் குனியவைத்து, தூரத்தில் இருப்பதன் சத்தத்தைக் குறைத்தார். சொல் தெளிந்தது.

இப்போது நான் அதை மில்லிவிநாடியில் செய்கிறேன். மண்டபத்தின் பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைக் கருவிக்குள்ளேயே தாமதிக்க வைத்து, மேடையிலிருந்து நடந்துவரும் ஒலியோடு சேர்த்துவிடலாம். தொலைக்காட்சியில் இந்தச் சங்கடம் வேறு உருவில் வரும். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் விநாடிக்கு 25 படச்சட்டங்கள், ஒரு சட்டத்துக்கு 40 மில்லிவிநாடி. படம் ஒவ்வொரு கருவியாகக் கடந்து வரும்போது ஒரு சட்டம், இரண்டு சட்டம் என்று பின்தங்கும். ஒலி முந்தி ஓடிவிடும். ஒலி படத்தை 40 மில்லிவிநாடிக்கு மேல் முந்தவும் கூடாது, 60க்கு மேல் பிந்தவும் கூடாது என்பது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் வரையறை. அறிவிப்பாளரின் உதடும் குரலும் பிசகினால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் நம்பிக்கை தளரும். அதனால் எந்தப் பாதையில் எத்தனை சட்டம் தாமதம் என்று ஒரு அட்டவணை போட்ட பிறகே நான் கருவி வாங்கச் சொல்வேன்.

1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி ஆரம்பமானபின் எங்கள் தெருவில் டீவி வந்த முதல் வீட்டு முற்றத்தில் நாங்கள் கூடியது நினைவிருக்கிறது. ஒளிபரப்பு வரும் பிதுருதலாகலை மலைப் பக்கம் ஏரியலைத் திருப்ப ஒருவர் கூரையில் நிற்பார். கீழேயிருந்து "சரி, சரி, போதும்" என்று கத்துவோம். படம் தெரிவதே அன்று பெரிய காரியம். இன்று வாசலில் நிற்கும் திரைச்சுவரின் புள்ளிகளுக்கிடையே ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் தூரம். அவ்வளவு துல்லியமான சுவரில் ஒரு முறை "கொழும்பு" என்ற சொல் ஓடியது. ஒற்றைக்கொம்பு இடம் மாறிக் 'க'வுக்குப் பின்னால் போய் நின்றது. சிங்களமும் ஆங்கிலமும் ஒழுங்காக ஓடின, தமிழ் மட்டும் உடைந்தது. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிப் பழகிய செய்தி அறையிலிருந்து யுனிகோடுக்கு மாறும் வழியில், எழுத்தைக் கோக்கத் தெரியாத ஒரு மென்பொருள் நடுவில் இருந்தது. அன்றிலிருந்து நான் தயாரிக்கும் ஒவ்வொரு பரிசோதனைப் பட்டியலிலும் கெ, கே, கை, கொ, கோ, கௌ என்ற ஆறு எழுத்துகளும் முதல் பக்கத்திலேயே இருக்கும். தன் மொழி உடைந்து ஓடுவதை ஒருவர் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது சின்ன விஷயமல்ல.

லொறி பெட்டரியும் என்னைவிட்டுப் போகவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஜெனரேட்டர் எந்தக் கட்டடத்திலும் இருக்கும். கரண்ட் போவதற்கும் அது விழித்தெழுவதற்கும் இடையிலுள்ள சில விநாடிகளில்தான் நேரலை செத்துப்போகும். எந்தக் கருவிகள் அந்த விநாடிகளிலும் உயிரோடிருக்க வேண்டும் என்று பிரித்து, அவற்றுக்கு மட்டும் பெட்டரி ஒதுக்குவேன். பயான் நடுவே கரண்ட் போனால் விளக்கு, விசிறி எல்லாம் நின்றுபோகும், மௌலவியின் மைக் மட்டும் நிற்காது. வாப்பாவின் அந்த ஒழுங்குமுறையில் மாற்ற வேண்டியது எதுவுமில்லை.

இந்த வேலை எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால் 2018 மார்ச்சைத்தான் சொல்வேன். திகனயில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல் மூண்டு கண்டியெங்கும் ஊரடங்கு. அவசரகாலச் சட்டம் வந்தது, மறுநாள் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. நான் கொழும்பில் இருந்தேன். உம்மா தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார்: "டீவில என்ன செல்ற மகன்?" ஊரைச் சுற்றி வதந்தி நூறு வாயால் பேசியது. எந்தப் பாதை மூடியிருக்கிறது, எந்த நேரம் ஊரடங்கு தளரும் என்று நிதானமாகச் சொல்லும் ஒரு குரலுக்காக வீடு வீடாகக் காத்திருந்தார்கள். சத்தம் இருந்தது, பேச்சு இல்லை. ஒரு ஊடக நிறுவனத்துக்குள் அப்படியொரு நாளில் ஒரு சொல் மைக்கிலிருந்து மக்கள் காதுவரை சிதையாமல் போவதற்கு வழி அமைப்பவன் நான். இதை வெறும் வயர் வேலை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் அப்படியொரு தலைமையகத்தை ஒப்படைக்கும் இரவு. ஊழியர் கூட்ட மண்டபத்தில் எல்லா அளவீடும் முடிந்திருந்தது. பேச்சுத் தெளிவைப் பூச்சியத்திலிருந்து ஒன்று வரை அளக்கும் கருவி நல்ல எண்ணையே காட்டியது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. நான் ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசைக் கதிரையில் உட்கார்ந்தேன். தமிழ்ச் செய்திப் பிரிவிலிருந்து ஒரு தங்கச்சி மேடையில் நின்று, அன்றைய பத்திரிகையின் மரண அறிவித்தல்களிலிருந்து பன்னிரண்டு பெயர்களை வாசித்தார். நான் எழுதினேன். ஒப்பிட்டுப் பார்த்தோம். பதினொன்று சரி. ஒரு பெயரின் நடுவெழுத்து எனக்கு விழவேயில்லை.

"சேர், ஒன்றுதானே" என்றார் பக்கத்தில் நின்ற இளைஞர். நான் அண்ணாந்து பார்த்தேன். கடைசி வரிசைக்கு நேர் மேலே ஏசியின் ஒரு வாய், திறப்பு குறுகி, மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. மேடைக்கு அருகில் நின்றவர்களுக்கு அது கேட்கவே கேட்காது. ஏணி வந்தது. அந்த வாயை அகலத் திறந்து, காற்றைக் குழாயின் ஆரம்பத்திலேயே குறைத்து மூடும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. தங்கச்சி மறுபடி மேடையேறி அதே பெயர்களை வாசிக்கப் போனார்.

"அது வேணாம் தங்கச்சி" என்றேன். "அந்தப் பெயர்கள் இப்ப எனக்குத் தெரியும். பேப்பரில அடுத்த பக்கத்தைப் புரட்டுங்க."