பெட்டியைச் சுருக்கிய பெருந்தகைகள்

கருணை என்றால் மின்னணு நிறுவனங்களின் கருணைதான். 2020 அக்டோபரில் ஆப்பிள், ஐபோன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. பூமியைக் காக்கவாம். சார்ஜர் வேண்டியவர்கள் தனியாகக் காசு கொடுத்து, தனிப் பெட்டியில் வாங்கிப் பூமியைக் காத்தார்கள்.

வீடியோ கேம் கம்பெனிக்காரர்கள் மட்டும் இளைத்தவர்களா? 2019-ல் ஐ.நா. பருவநிலை மாநாட்டின்போது சோனியும் மைக்ரோசாஃப்டும் இன்னும் பலரும் கூட்டணி கட்டி, ஆட்டங்களுக்குள்ளேயே பசுமைக் கருத்துகளைப் புகுத்துவதாக வாக்குக் கொடுத்தார்கள். திரைக்குள் நடும் மரத்துக்குத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம் பாருங்கள். 2023-ல் மைக்ரோசாஃப்டின் விளையாட்டுக் கருவியான எக்ஸ்பாக்ஸுக்கு இன்னொரு ஞானமும் வந்தது. மின்சாரத்தில் காற்றும் வெயிலும் கூடுதலாகக் கலந்திருக்கும் நேரம் பார்த்துத் தானே விழித்துப் புதுப்பித்துக்கொள்ளும். ராகுகாலம் பார்ப்பவர்களை இனி யாரும் கேலி செய்யக் கூடாது.

இந்தப் பெருந்தன்மையின் அளவு தெரிய வேண்டுமானால் கோலார் தங்கவயலில் இருக்கும் எங்கள் கோரமண்டலுக்கு வாருங்கள். சர்க்யூட்டுக்குத் தங்கம் வேண்டும், அது துருப்பிடிக்காது. தங்கத்துக்காகப் பாறையை மாவாக அரைத்துச் சயனைடில் ஊற வைப்பார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்படும் வரை எங்கள் தங்கவயலில் நடந்தது அரைப்பதுதான்; சயனைடு மட்டும் சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. ஏறக்குறைய 800 டன் தங்கம் போய்விட்டது. 13 மேடுகளாகச் சுமார் 3.3 கோடி டன் சயனைடு மண்ணை எங்களுக்கே விட்டுக்கொடுத்தார்கள். ஆடிக்காற்று கிளம்பினால் அந்த மாவு கதவைத் தட்டாமல் வந்து சோற்றில் உட்காரும். உங்கள் போனில் இருப்பது எங்கள் தங்கமில்லை, அதற்காக வருத்தமும் இல்லை. அதைத் தோண்டிய ஊரில் வேறொரு மேடு எழும்பியிருக்கும். கரிக்கணக்கு எழுதும் கனவான்கள் புகையைத்தான் எண்ணுகிறார்கள், மேட்டை எண்ணும் சிரமத்தை அவர்களுக்குக் கொடுப்பானேன்?

கோலார் மாவட்டத்தையும் அவர்கள் மறக்கவில்லை. இங்கே நரசாபுராவில்தான் விஸ்ட்ரான் என்ற நிறுவனம் ஆப்பிளுக்காக ஐபோன் செய்தது. சார்ஜரை மிச்சம்பிடித்த அதே 2020-ல், அக்டோபர், நவம்பர் மாதச் சம்பளம் அந்த ஆலையில் சிலருக்குத் தள்ளிப்போனது. ஆப்பிளே அதை ஒப்புக்கொண்டது. மிச்சம்பிடிக்கும் நற்குணம் எவ்வளவு சீக்கிரம் தொற்றுகிறது! தொழிலாளர்களுக்குத்தான் இந்தச் சூழல் தத்துவம் பிடிபடவில்லை. டிசம்பர் 12 அன்று கண்ணாடிகளை உடைத்துப் புதிதாகக் குப்பை சேர்த்துவிட்டார்கள். பிறகு ஆலை டாடா கைக்குப் போனது.

பழைய கருவிகளிடமும் இவர்களுக்குப் பாசம் உண்டு. வீணாய்ப்போன டி.வி.யையும் ஃப்ரிட்ஜையும் முறையாகப் பிரித்தெடுப்பவருக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும் என்று இந்திய அரசு விதி போட்டதும், 2025-ல் சாம்சங்கும் எல்ஜியும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடின. பூமி மீது வைத்த அன்புக்குக் கிலோக்கணக்கில் விலை பேசினால் யாருக்குத்தான் மனம் நோகாது?