கள்வனை ஓர் இரவு காவலில் வைத்தல்: பழவேற்காட்டுச் சேற்று நண்டு பற்றிய வீட்டியல் ஆய்வு

சேற்று நண்டை இரவு முழுக்க உயிரோடு வைத்திருக்கும் கலை, கும்மிடிப்பூண்டி வட்டாரத்து இல்லறவியலில் இன்னும் கருத்து வேறுபாடு தீராத துறை. சனிக்கிழமை மாலை பழவேற்காடு போய், பொன்னேரி வழியாக நண்டோடு வீடு திரும்புபவருக்கு விருந்தாளி வருவதோ ஞாயிறு மதியம். இரவே உடைத்து ஆய்ந்து வைக்கலாமே என்றால், சிப்காட்டில் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து பத்தரை மணிக்கு வருபவரிடம் அதைச் சொல்லும் துணிவு எந்த வீட்டிலும் தென்பட்டதில்லை. செத்த நண்டைக் குழம்பில் போடவும் முடியாது. உயிர் போன உடனே அதன் செரிமானச் சுரப்பியில் உள்ள நொதிகளும் பாக்டீரியாக்களும் சதையைக் குலைக்கத் தொடங்கிவிடும்.

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வாய்த்திருக்கிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கட்டிய கெல்ட்ரியா கோட்டை புதர் மண்டிப் போயிற்று. நண்டு கட்டிய வளைகள் இன்றும் குடியிருப்போடு உள்ளன. இருளர் இந்த வளைகளில் கம்பிக் கொக்கி விட்டு நண்டை வெளியே இழுப்பார்கள். பழந்தமிழில் நண்டுக்கு அலவன், ஞெண்டு என்பவற்றோடு கள்வன் என்றும் பெயர் உண்டு. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய ‘கள்வன் பத்தில்’ பாட்டுக்குப் பாட்டு நண்டு வரும். அந்தப் பெயரின் பொருத்தம் இரவு பதினோரு மணிக்கு மேல்தான் விளங்கும்.

காவல் முறையில் இரண்டு பெருங்கட்சிகள் உள்ளன. முதலாவது வாளிக் கட்சி. தண்ணீரில் வாழும் உயிருக்குத் தண்ணீர்தானே வேண்டும் என்பது இதன் அடிப்படை வாதம். கேட்க நியாயமாகவும் கருணையாகவும் இருக்கும். விடிந்து பார்த்தால் வாங்கி வந்த நான்கு நண்டும் செத்திருக்கும். அசையாத அரை வாளித் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் சொற்பம். அதை நான்கு நண்டுகளும் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டு, தம் கழிவின் அம்மோனியாவிலேயே மூச்சுத் திணறுகின்றன. குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரினும் சேர்ந்துகொள்ளும். இந்த வட்டாரத்தில் நண்டுகள் பெரும்பாலும் அன்பினால்தான் சாகின்றன.

இரண்டாவது, சாக்குக் கட்சி. நண்டு செவுளால் சுவாசிக்கிறது. ஆனால் அந்தச் செவுள் ஓட்டுக்கு அடியில் மூடிய அறைக்குள் இருப்பதால், ஈரம் காயாதவரை காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் நண்டு கொடுக்கு கட்டப்பட்டு, சொட்டுத் தண்ணீர் இல்லாத கூடையில் விமானம் ஏறி, உயிரோடு இறங்குகிறது. அமெரிக்காவின் லூசியானாவிலும் கிரேஃபிஷ் என்னும், கொடுக்குள்ள இறால் போன்ற நன்னீர் உயிரை ஈரச் சாக்கிலேயே விற்கிறார்கள். (கிரேஃபிஷ் இந்திய ஆறுகளில் இயற்கையாக இல்லாததால், அதற்குரிய மரியாதையும் இங்கே நண்டுக்கே சேர்கிறது.)

ஆகவே செய்யவேண்டியது எளிது. சணல் சாக்கை நனைத்துப் பிழிந்து, அகலமான டப்பிலோ கூடையிலோ பாதியை விரித்து, நண்டை வயிறு கீழே இருக்கும்படி வைத்து, மீதியால் போர்த்தவேண்டும். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. மின்விசிறிக் காற்று படாத, குளிர்ந்த, இருண்ட மூலை உகந்தது. தெளிக்கும் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருப்பது நல்லது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் ஏறி அரை நூற்றாண்டாகிறது. பருப்பு வேகாமல் சாபம் வாங்கிய அந்தப் போர்த் தண்ணீருக்கு இந்த இடத்தில் மட்டும் ஒரு மரியாதை கிடைக்கிறது.

வாயில் நுரை தள்ளினால் வீட்டார் பதறுவது வழக்கம். செவுள் அறையில் மிச்சமிருக்கும் நீரோடு காற்று கலப்பதால் வரும் நுரை அது. சாவின் அறிகுறி அன்று. தெளிக்கச் சொல்லும் மனு.

குளிர்பெட்டிக் கட்சி சிறுபான்மை. வெப்பநாட்டு உயிரான நண்டு அங்கே மரத்துப்போகும்; இரவு முழுக்க விட்டால் மரத்தது மரத்தபடியே இருந்துவிடலாம். பால் பாக்கெட் எடுக்க வரும் மாமியாரின் உடல்நலமும் கணக்கில் வரும்.

காவலின் கடினமான பகுதி கட்டு. நண்டு இரவில் நடமாடும் உயிர். பகலெல்லாம் கல்லாகக் கிடந்தது, விளக்கணைந்ததும் பிளாஸ்டிக் சுவரைப் பிறாண்டத் தொடங்கும். கொடுக்கைச் சுற்றிய கயிற்றைப் பரிதாபப்பட்டு அறுத்துவிட்டால், பக்கத்து நண்டின் கால்கள் முதலில் போகும். பிறகு அறுத்தவரின் விரல். கட்டவிழ்ந்ததைக் காலைப் பிடித்து இழுப்பதும் வீண். ஆபத்து என்றால் நண்டு குறிப்பிட்ட மூட்டில் காலைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதற்கு அடுத்தடுத்த சட்டை உரிப்பில் புதுக்கால் முளைக்கும். உள்ளங்கையை ஓட்டின் பின்புறம் வைத்துப் பிடிப்பதே முறை.

சட்டை உரித்துச் சில நாளே ஆன நண்டு ஓடு மெலிந்து, உள்ளே சதைக்குப் பதில் தண்ணீரோடு இருக்கும். பௌர்ணமி நண்டு சோடை என்று இதற்கு நிலவைக் குறை சொல்வோர் உண்டு. வாங்கும்போதே வயிற்றுப்புற ஓட்டை அழுத்திப் பார்த்திருந்தால் நிலவு தப்பித்திருக்கும்.

விடிந்ததும் சோதனை. கண் காம்பை ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால், உயிருள்ளது வெடுக்கென்று உள்ளிழுக்கும். கால்கள் தொங்கி, கண்ணும் அசையாமல் இருந்தால், என்ன விலை கொடுத்ததானாலும் குப்பைக்குத்தான். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் ஈரம் இருக்கும் இடங்களை முதலில் பார்க்கவேண்டும்: குளியலறைத் தண்ணீர் போகும் மூலை, துணி துவைக்கும் இயந்திரத்தின் அடி, கேஸ் சிலிண்டரின் பின்புறம். வாசலில் கழற்றிப் போட்ட ஷிஃப்ட் பூட்ஸைக் கடைசியாகப் பார்க்கலாம். ஆனால் கால் விடுவதற்கு முன்.