40-ஆவது விநாடியில் ஓடிப்போனவர் தொடர்பாக ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
சேலை வியாபாரி ஒருவர்,
இளம்பிள்ளை, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு அல்காரிதம் அவர்கள்,
காணொளிப் பரிந்துரைத் துறை
(கதவு எண் தெரியவில்லை).

பொருள்: சேலை வாங்கியவரையும் பார்வையாளராக மதிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா அல்லது அம்மா,

எங்கள் ஊரில் தறிச் சத்தத்தோடு போட்டி போடுவது, "அக்கா, பிடிச்ச சேலையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்ற குரல்தான். முன்பெல்லாம் இங்கே நெய்த சேலை வெளியூர் ஜவுளிக்கடைக்குப் போய், அங்கே ஒரு லாபம் ஏறி, அதன்பிறகே கட்டுகிறவர் கைக்குப் போகும். இப்போது ஒரு செல்போனும் ரிங் லைட்டும் இருந்தால் குடோனில் நின்றபடியே விற்கலாம். அதற்கு நன்றி. நன்றி இத்துடன் முடிந்தது, இனி விண்ணப்பம்.

தங்கள் துறையின் சட்டதிட்டம் எங்களுக்கு மனப்பாடம். எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதே முக்கியம் என்று யூடியூப் 2012-இல் கணக்கை மாற்றியது. விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமானால் 1000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று 2018 ஜனவரியில் அறிவித்தது. தலைப்பில் ஆசை காட்டி உள்ளே ஏமாற்றுகிறவர்களை அடக்க இது நல்ல ஏற்பாடுதான். சேலைக் கடைக்குத்தான் பொருந்தவில்லை.

ஆத்தூரில் ஓர் அம்மா எங்கள் காணொளியைத் திறக்கிறார் என்று வையுங்கள். 40-ஆவது விநாடியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை வருகிறது. பிடித்துவிட்டது. ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறார், காணொளியை மூடுகிறார், ஜிபேயில் பணம் போடுகிறார். எங்கள் கல்லாவுக்கு அவர் மகாலட்சுமி. தங்கள் கணக்கில் பாதியில் ஓடிப்போனவர். இன்னொருவர் ராத்திரி தூக்கம் வராமல் 18 நிமிடத்தையும் பார்த்துவிட்டு, "சூப்பர் கலெக்‌ஷன் சிஸ்டர்" என்று எழுதிவிட்டுப் படுக்கப் போகிறார். தங்களுக்கு அவர் தங்கம். எங்களுக்கு அவரால் ஒரு ஜாக்கெட் பிட்கூட விற்கவில்லை.

ஆத்தூர் அம்மாவைப் போன்றவர்களை மட்டும் வைத்து 4000 மணி நேரத்தை நிரப்பப் பார்த்தோம், காகிதத்தில். 3,60,000 பேர் வேண்டும். அத்தனை பேர் சேலை வாங்கினால் தங்கள் விளம்பரக் காசு எங்களுக்கு எதற்கு?

தங்களை மகிழ்விக்க வழி இல்லாமல் இல்லை. "விலையைக் கடைசியில சொல்றேன்" என்று இழுக்கலாம். மாமியார் மருமகள் சண்டைக்கு நடுவே முந்தியை விரித்துக் காட்டலாம். முகப்புப் படத்தில் முதலாளி வாயைப் பிளந்து நிற்கலாம். ஷார்ட்ஸில் ஆடவும் செய்யலாம். ஆடினால் கூட்டம் வரும், அதில் சேலை கட்டுகிறவர் எத்தனை பேர் என்பது தங்களுக்கே வெளிச்சம். வந்தவர் வாங்க நினைத்தாலும் வழி அடைப்பு: 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் விளக்கத்திலும் பின்னூட்டத்திலும் இருக்கும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. மோசடிக்காரர்களைத் தடுக்கவாம். அதனால் நாங்கள் வாட்ஸ்அப் நம்பரைச் சேலை பார்டரைவிட அகலமாகத் திரையில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே எங்கள் பணிவான கோரிக்கைகள்:

1. அலுத்துப்போய் ஓடுகிறவர், வாங்குவதற்காக ஓடுகிறவர் என்று தங்கள் பதிவேட்டில் இரண்டு பத்தி பிரிக்கவும்.

2. "சாயம் போகுமா? துவைத்தால் சுருங்குமா? ஜாக்கெட் துணி உள்ளேயே இருக்கா?" என்று போனில் கேட்கிறார்கள். கேள்விக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் காணொளி போட்டிருக்கிறோம். இதைத் தேடி வருகிறவர் கொஞ்சம் பேர்தான். ஆனால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள். அவர்கள் கண்ணில் இதைப் படவிடவும்.

3. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் காணொளி வராது. பார்சல் கட்டவே கை போதாது. அதை எங்கள் மரணச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதில் வராது என்று தெரியும். அதனால் எங்கள் முடிவையும் சொல்லிவிடுகிறோம். விலையை முதல் 10 விநாடியிலேயே சொல்வோம். பிடித்தவர் உடனே போகலாம், தடுக்கமாட்டோம். சாயங்காலம் கொரியர் வண்டியில் ஏறிய பார்சலைத்தான் எண்ணுவோம். சந்தாதாரர் எண்ணிக்கையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சேலை வியாபாரி.

பின்குறிப்பு: தங்கள் வீட்டுக்கு வேண்டுமானால் சிங்கிள் பீஸும் அனுப்புவோம். டேமேஜ் என்று சொன்னால் பார்சல் ஓப்பனிங் வீடியோ கட்டாயம். அந்த ஒரு வீடியோவை மட்டும் நாங்கள் கடைசி விநாடி வரை பார்ப்போம்.